எதிரே வருகிற கல்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. ஒரு வாரம் படிக்கக்கூடாது என்றார்கள்; நாலாம் நாளே ஆரம்பித்துவிட்டேன். அப்படிப் படித்த ஒன்றுதான் மண்டையைக் குடைகிறது.

வியாழனின் பாதையிலேயே சூரியனைச் சுற்றும் ட்ரோஜன் சிறுகோள்கள் ஞாபகம் இருக்கிறதா? 1906-ல் மாக்ஸ் வோல்ஃப் கண்ட அக்கிலிஸ் முதலாக எல்லாம் சாதுக்கள். வியாழனுக்கு 60 டிகிரி முன்னும் பின்னுமாக, அது போகிற திசையிலேயே போகும். நான் படித்த கல் அப்படியில்லை. எதிர்த்திசையில் வருகிறது! 2015-ல் ஹவாயில் பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கியில் சிக்கியது. சுமார் 3 கிலோமீட்டர் கல்.

எப்படி மோதாமல் தப்பிக்கிறது? ராத்திரி மேசையில் இரண்டு வட்டம் போட்டேன். வியாழனுக்கு ஒரு நாணயம், கல்லுக்குச் சட்டைப் பொத்தான். பொத்தானின் வட்டம் மட்டும் கொஞ்சம் ஒருபக்கம் தள்ளி. இரண்டு கையாலும் எதிரெதிராக நகர்த்தினால், ஒரு சுற்றில் இரண்டு சந்திப்பு. முதல் தடவை பொத்தான் நாணயத்துக்கு உட்புறமாக நழுவுகிறது, அடுத்த தடவை வெளிப்புறமாக. உள்ளே போகும்போது வியாழன் அதை வெளியே இழுக்கும், வெளியே போகும்போது உள்ளே இழுக்கும். ஒன்று கெடுத்ததை மற்றது சரிக்கட்டிவிடுகிறது. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து! மிக நெருங்கும்போதும் நடுவில் 17.6 கோடி கிலோமீட்டர் இருக்கிறது, நமக்கும் சூரியனுக்கும் உள்ளதைவிட அதிகம். குறைந்தது பத்து லட்சம் வருஷமாக இப்படித்தான் என்று 2017-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

மறு வருஷம் நமூனி, மொரைஸ் என்ற இருவர் இன்னும் துணிந்தார்கள். 450 கோடி வருஷம் பின்னோக்கிக் கணினியில் ஓட்டிப் பார்த்து, இது வேறொரு நட்சத்திரத்திடமிருந்து வந்து மாட்டிக்கொண்டது என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. பாதையைத் துளித்துளி மாற்றி அவர்கள் கணினியில் ஓட்டிய பத்து லட்சம் நகல்களில் கடைசிவரை தாக்குப்பிடித்தவை சொற்பம். ஹாலி வால்நட்சத்திரமும் எதிர்த்திசையில்தானே வருகிறது? அந்த வம்சத்தில் வால் தீர்ந்துபோன ஒன்று என்றால் நம்புவேன். நீ எப்போதும் அதிசயத்தின் கட்சி, சண்டைக்கு வருவாய் என்று தெரியும். வா.

பெயர் சொல்ல மறந்தேனே. ஹவாய் மொழியில் கஎபாஓகஆவேலா. வியாழனின் குறும்புக்காரக் கூட்டாளி, எதிர்த்திசையில் போகிறவன் என்று பொருளாம். வாயில் நுழைகிறதா பார்.

அன்புடன்,
சேது