அடித்த எழுத்தைப் படி, கண்ணு

சேசு மரி சூசை

ஏற்காடு,
அக்டோபர் கடைசி

அன்புள்ள கண்ணு,

நம் பழைய இங்கிலீஷ் சமையல் புத்தகத்திலிருந்து நீ கேட்ட கேக் பக்கத்தை உன் தங்கச்சி படம் எடுத்து அனுப்பிவிட்டாள். வந்து சேர்ந்திருக்கும். ஆனால் அதைப் பார்த்து உடனே மாவு கலக்க ஆரம்பித்துவிடாதே. அந்தப் பக்கத்தில் அச்சில் ஒரு அளவு இருக்கும். அதைப் பேனாவால் அடித்துவிட்டு ஓரத்தில் நான் வேறொரு அளவு எழுதியிருப்பேன். அதற்கும் மேலே அம்மாயி பென்சிலில் எழுதியது மங்கலாகத் தெரியும். அம்மா எழுதியதுதான் சரி என்று நீ எடுத்துக்கொள்வாய். மற்ற எதில் வேண்டுமானாலும் அப்படி எடுத்துக்கொள், இதில் வேண்டாம். உனக்கு வேண்டியது அடிபட்டுக் கிடக்கிற அந்த அச்செழுத்து. போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியை நீ மறந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். நீ இருக்கிற மெல்போர்ன் கடலோரம். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். பேக்கிங் பவுடர் ஈரமும் சூடும் பட்டதும் மாவுக்குள் வாயுவை விடும் அல்லவா, அழுத்தம் குறைந்த இடத்தில் அந்தக் குமிழி அளவுக்கு மீறி ஊதும். மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழி உடைந்துவிடும், கேக் நடுவில் குழி விழும். அதனால் ஏற்காட்டில் பேக்கிங் பவுடரைக் குறைப்போம், சர்க்கரையைக் கொஞ்சம் குறைப்போம், மைதா ஒரு கரண்டி கூட்டுவோம். ஈரம் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் பால் கொஞ்சம் கூடுதல். அடுப்புச் சூட்டையும் சற்றே ஏற்றி வைப்போம். ஓரத்தில் இருக்கிற கணக்கெல்லாம் இந்த மலைக்கான கணக்கு. அதை மெல்போர்னில் செய்தால் கேக் எழும்பாது, அப்பா சொல்கிற செங்கல்தான் வரும்.

கீழே சேலத்தில் இருக்கிற பெரியம்மா இதே பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனவள். அங்கே 280 மீட்டர்தானே உயரம், அச்சில் உள்ளபடியே செய்தாலும் அவளுக்கு நன்றாக வரும். ‘நல்லா இருக்கிற புத்தகத்தை ஏன்டி அடிச்சுக் கிறுக்கி வச்சிருக்க’ என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சண்டைக்கு வருவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதுதான் காரணம் என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். மேலே வந்தால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவில்லை என்று மட்டும் குறைபடுவாள். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு எப்படி வேகும்? அப்புறம், முட்டை அவிக்க நான் சொல்லிக்கொடுத்த நேரத்தையும் அங்கே குறைத்துக்கொள். மஞ்சள் கரு ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது என்றாயே, அதனால்தான்.

புத்தகத்தின் கதை உனக்கு முழுசாகத் தெரியாது என்று நினைக்கிறேன். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். செடிக்குப் பின்னால் எஸ்டேட்டும் பங்களாவும் வந்தன, பங்களாவுக்குப் பின்னால் கேக் வேகிற அடுப்பும் வந்தது. அப்படி ஒரு பங்களாச் சமையல்கட்டில்தான் அம்மாயி வேலை பார்த்தாள். பங்களா கைமாறியபோது சாமான்களோடு தூக்கிப் போட இருந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தாத்தா வாசித்துச் சொல்ல, அவள் தன் கைக்குத் தெரிந்ததோடு ஒத்துப் பார்த்துத் தமிழில் ஓரத்தில் எழுதுவாள். அவுன்ஸ் எல்லாம் அவளுக்குப் பலம்தான். ஒரு அவுன்ஸ் 28 கிராம், ஒரு பலம் 35 கிராம் என்பதால் முழுசாக ஒத்துவராது. ஆனால் வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றையும் அதே பலத்தில் எடுத்தால் விகிதம் மாறாது என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் போகாத கணக்கு அது.

‘மிதமான அடுப்பு’ என்று மட்டும் போட்டிருக்கும் இடங்களைப் பார். அந்தக் காலத்து அடுப்பில் சூடு காட்டும் முள் கிடையாது. வெள்ளைக் காகிதத் துண்டை உள்ளே வைத்து, அது எவ்வளவு நேரத்தில் பழுப்பாகிறது என்று பார்ப்பார்கள். கருகினால் சூடு அதிகம், நிறமே மாறாவிட்டால் இன்னும் விறகு வேண்டும். உன் அடுப்பில் அந்தத் தொல்லை இல்லை. மிதம் என்றால் 180 டிகிரி, குறைந்த சூடு என்றால் 150. விசிறி ஓடுகிற அடுப்பு என்றால் இரண்டிலும் 20 குறை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எல்லார் வீட்டிலும் கேக் வேகிற அடுப்பு ஏது? மாவைக் கலந்து டின்னில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டி பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். ரொட்டி வெந்து முடிந்து, விறகு தணலை வாரிய பிறகு செங்கல் அடுப்பில் மிச்சம் இருக்கிற சூட்டில்தான் பழக் கேக்கை வைப்பார்கள். சூடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், கனமான கேக்குக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது. சீட்டு எரிந்துபோய் யாருடையது யாருக்கு என்று தெரியாமல் போனதும் உண்டு. சரியாகச் செய்யத் தெரியாத வீட்டுக்காரர்கள் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் நல்ல கேக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நீ வீடியோ பார்த்தே எல்லாம் செய்வேன் என்கிறாய். பாரு, நானும் பார்க்கிறேன். ஆனால் வீடியோவில் யாருக்கும் எதுவும் கெட்டுப்போவதில்லை, மாவு திரிந்தால் வெட்டிவிடுவார்கள். ‘முட்டை சேர்க்கும்போது திரிந்தால் ஒரு கரண்டி மைதா போடு’ என்று நம் புத்தகம் சொல்கிறது, நான் அதைத்தான் நம்புவேன். அப்புறம், சமையல் புத்தகத்தைச் சமைக்கிறதுக்காக மட்டும் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறாயா? மழை பிடித்துக்கொண்டு கரண்ட் போன ராத்திரிகளில் நான் டார்ச் அடித்துக்கொண்டு படித்த பக்கங்களில் முக்கால்வாசியை இந்த ஜென்மத்தில் செய்யப் போவதில்லை. வாத்துக்கறி வறுவலுக்கு நான் எங்கே போவேன்? ஆனாலும் படிக்கும்போது நாக்கில் அந்தச் சுவை எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பேன். அது ஒரு தனி சுகம். அப்பாவுக்குப் புரியாது.

தமிழில் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’ பெரியம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது. முதலில் 1951-ல் வந்த புத்தகம். கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பெட்டியில் புடவைக்குக் கீழே அதை வைத்து அனுப்பாத வீடு அந்தக் காலத்தில் குறைவு. நம் வீட்டுச் சமையல் அது இல்லைதான், இறைச்சி இல்லாத புத்தகம். ஆனால் ரசப்பொடிக்கும் வற்றல் குழம்புக்கும் நான் இன்றைக்கும் அதைத்தான் புரட்டுகிறேன். பழைய பதிப்பில் ஆழாக்கும் பலமுமாகத்தான் இருக்கும். கிராமும் லிட்டரும் நம் நாட்டுச் சட்டத்துக்குள் வந்ததே 1956-ல். ஒரு ஆழாக்கு 168 மில்லி என்று முன்னட்டையின் உள்பக்கத்தில் பெரியம்மா எழுதி வைத்திருக்கிறாள். நீ ஊருக்கு வரும்போது அவளிடம் கேட்டு வாங்கு. எனக்குத் தர மாட்டாள், உனக்குத் தருவாள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கு. கப்பையும் கரண்டியையும் நம்பாதே. உங்கள் ஊரில் டேபிள்ஸ்பூன் என்றால் 20 மில்லி, நம் ஊரில் வாங்குகிற கரண்டி செட்டில் 15 தான். டீஸ்பூன் மட்டும் இரண்டு இடத்திலும் 5. மைதா கேட்டால் அங்கே இரண்டு வகை வைத்திருப்பார்கள். ஒன்றில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும். அது வேண்டாம், சாதாரண மாவாகப் பார்த்து எடு.

கல்லறைத் திருநாள் முடிந்ததும் பழத்தை ஊறப் போட்டுவிடு. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட: உலர்ந்த கறுப்புத் திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் இஞ்சி மிட்டாய். நாங்கள் பூசணி மிட்டாயும் போடுவோம், இந்தியக் கடையில் கிடைக்கும். ரம் இருந்தால் பழம் நனைகிற அளவுக்கு ஊற்று, இல்லாவிட்டால் ஆரஞ்சுச் சாறு, ஆனால் சாற்றில் போட்டால் ஃபிரிட்ஜில் வை, இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம். இங்கே நம் மரத்து கமலா ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகில் கொதிக்க விட்டு உலர்த்தி வைத்திருக்கிறேன். தோலின் உள்பக்கத்து வெள்ளையைச் சுரண்டிவிட்டு, முதலில் வெறும் தண்ணீரில் இரண்டு தடவை கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. கசப்பு அதில் போய்விடும். அங்கே கிடைக்கிற ஆரஞ்சில் செய்து பார்.

நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்க வேண்டும். இதுதான் கவனம் வேண்டிய இடம். கனமான பாத்திரத்தில் சர்க்கரை மட்டும், கரண்டி போடாதே, பாத்திரத்தைச் சுழற்று. தேன் நிறம் வரும், அப்புறம் டிகாக்ஷன் நிறம், அதையும் தாண்டி லேசாகப் புகை எழும்பி மூக்கில் கசப்பு தட்டும்போது அடுப்பை அணை. உடனே சுடுதண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு சீறித் தெறிக்கும், தோல் உரிந்துவிடும். சுடுதண்ணீர் ஊற்றினாலும் கையைத் தள்ளியே வை, முகத்தைப் பாத்திரத்துக்கு நேராகக் கொண்டுபோகாதே. நீ பயப்பட்டு முன்னாலேயே அணைத்துவிட்டால் கேக் வெளிறித்தான் வரும். வெளிறினாலும் தின்னலாம், பரவாயில்லை.

வெண்ணெய் 250 கிராம், சர்க்கரை 250, மைதா 250, முட்டை ஐந்து. பேக்கிங் பவுடர் அச்சில் ஒன்றரை டீஸ்பூன், ஓரத்தில் ஒன்று. நீ ஒன்றரை போடு. டிசம்பரில் இங்கே வெண்ணெய் கல்லாக இருக்கும், அடுப்பு மேடையில் வைத்துத்தான் இளக்க வேண்டும். உனக்கு அது வெயில்காலம். கிறிஸ்துமஸுக்கு வியர்க்கும் என்று நீ சொன்னதை அப்பா இன்னும் நம்பவில்லை. வெண்ணெய் உருகிவிட்டால் சர்க்கரையோடு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது. விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், எண்ணெய் மினுக்கக் கூடாது. அந்தப் பதம்.

டின்னின் உள்ளே இரண்டு சுற்று காகிதம். 150 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாசம் வந்த பிறகுதான் திறந்து பார். நாங்கள் ஈர்க்குச்சி குத்திப் பார்ப்போம், நீ மூங்கில் குச்சி வைத்துக்கொள். ஆறியதும் ரம் தெளித்துக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் போடு. தின்னாமல் இரண்டு வாரம் வைத்திருக்க முடியுமா பார். கூட இருக்கிற பசங்களை நினைத்தால் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டாகச் செய்து ஒன்றை ஒளித்து வை.

கல்கல் அங்கே தனியாகச் செய்யாதே. அது ஒரு ஆள் வேலை இல்லை. தேங்காய்ப்பாலில் பிசைந்த மாவைச் சின்ன உருண்டையாக்கி முள்கரண்டி முதுகில் வைத்துத் தேய்த்துச் சுருட்ட வேண்டும், பத்து கை வேண்டும், நடுவில் யாராவது ஊர்க் கதை பேச வேண்டும். காப்பிப் பழம் பறிக்கிற நேரம் ஆகையால் இந்த வருஷம் இங்கேயே ஆள் கூடுமா என்று தெரியவில்லை. கூட இருக்கிறவர்களை உட்கார வைத்துச் சுருட்டச் சொல், கோணல் மாணலாக வந்தால் வரட்டும், பொரித்தால் எல்லாம் ஒன்றுதான்.

நீ செய்கிறபோது எது எப்படி வந்தது என்று எழுதி வை. அச்சில் உள்ளதுகூட உன் அடுப்புக்குக் கொஞ்சம் மாறலாம். நம் பக்கத்தின் படத்தை அங்கே பிரிண்ட் எடுத்து, இன்னொரு ஓரம் காலியாக இருக்கிறது பார், அதில் எழுது. ‘மெல்போர்ன்’ என்று மேலே போட்டுவிடு, இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

நவம்பர் கடைசியில் சித்தப்பா மகள் அங்கே வருகிறாள். உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் தின்பண்டம் எதுவானாலும் எழுதிக் காட்ட வேண்டுமாமே, அதனால் அவள் பெட்டியில் பலகாரம் வைக்கவில்லை. அச்சு முறுக்கு அச்சு மட்டும் கொடுத்து விடுகிறேன், அது வெறும் இரும்பு. வந்ததும் ஒரு ராத்திரி எண்ணெயில் போட்டு வை. சோப்புப் போட்டுக் கழுவாதே. காய்ந்த எண்ணெயில் சூடேற்றிவிட்டு மாவில் முக்கும்போது முக்கால் அளவுதான் முங்க வேண்டும், மேல் விளிம்பு முங்கினால் முறுக்கு கழன்று வராது. முதல் நாலைந்து ஒட்டத்தான் செய்யும். அதை அடுப்பங்கரையிலேயே நின்று தின்றுவிடு.

அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா