பல் சிமென்டின் வலிமை: எண்ணோடு சோதனை முறையும் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லுக்குப் போடும் ‘கேப்’பை ஒட்டப் பயன்படும் ரெசின் சிமென்ட் குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பொதுவாக யாரும் எழுத முன்வராத ஒரு பொருளை எளிமையாக எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆயினும், ஒரு சிமென்டின் பிணைப்பு வலிமை 40 மெகாபாஸ்கல் (ஒரு பரப்பு தாங்கும் விசையை அளக்கும் அலகு), மற்றொன்றினுடையது 20 மெகாபாஸ்கல், ஆகவே முன்னது இரு மடங்கு உறுதியானது என்று அதில் எழுதியிருந்ததை, பல் மருத்துவப் பொருள்கள் பற்றிய பாடம் நடத்துபவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

இந்த எண் கிடைக்கும் விதத்தைச் சொன்னால் காரணம் விளங்கும். பிடுங்கிய பல்லின் எனாமலைத் தேய்த்து நீக்கி, உள்ளே இருக்கும் டென்டின் தெரியும்படி செய்து, அதன் மேல் சிமென்டை ஒட்டிக் கெட்டிப்படுத்துகிறோம். பிறகு அந்த ஒட்டு விடும் வரை இயந்திரத்தில் விசை கொடுத்து, விட்டுப்போன தருணத்தின் விசையை ஒட்டிய பரப்பால் வகுக்கிறோம். ஷியர் சோதனையில் ஒட்டை ஓரத்திலிருந்து தள்ளிப் பெயர்க்கிறோம். மைக்ரோ டென்சைல் சோதனையிலோ ஒட்டிய பல்லைச் சுமார் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள குச்சிகளாக அறுத்து, இரு முனைகளையும் பிடித்து இழுக்கிறோம். பரப்பு சிறுக்கச் சிறுக்க அதில் காற்றுக் குமிழி போன்ற குறைகள் இருக்கும் வாய்ப்பும் குறைவதால், ஒரே சிமென்டே இரண்டாவது முறையில் கணிசமாகக் கூடுதலான எண்ணைக் காட்டும். அது மட்டுமன்று: பிணைப்பு பலவீனமாக உள்ள குச்சிகள் அறுக்கும்போதே உடைந்துவிடுவது உண்டு. அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் சராசரி மேலும் உயர்ந்துவிடும். எந்தச் சோதனை, உடைந்த குச்சிகள் என்னவாயின என்று சொல்லாமல் 40-ஐயும் 20-ஐயும் அருகருகே வைப்பது முறையான ஒப்பீடு ஆகாது.

உடைந்த இடத்தையும் பார்க்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் பல்லின் பரப்பு சுத்தமாகத் தெரிகிறதா, அதன் மேல் சிமென்ட் படலம் எஞ்சியிருக்கிறதா, டென்டினே பெயர்ந்து வந்திருக்கிறதா என்பது புலப்படும். சிமென்டின் நடுவே பிளவு ஓடியிருந்தால், நாம் அளந்தது பிணைப்பின் வலிமையே அன்று. சிமென்டின் சொந்த வலிமைதான்.

எனக்கு மிகவும் கவலை தருவது காலம் பற்றிய மௌனம். பெரும்பாலான எண்கள் 37 டிகிரி செல்சியஸ் நீரில் 24 மணி நேரம் வைத்த பின் அளக்கப்படுபவை. கேப் வாயில் இருக்க வேண்டியதோ பல ஆண்டுகள். அதனால்தான் மாதிரிகளை 5 டிகிரி, 55 டிகிரி நீர்த்தொட்டிகளில் மாற்றி மாற்றி முக்கி எடுக்கும் வெப்பச் சுழற்சிச் சோதனை உள்ளது. பல்லோடு ஒட்டும் பொருள்களுக்கான, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 11405 ஆவணம் 500 சுழற்சிகளைக் குறிப்பிடுகிறது. வாயில் ஓராண்டில் நேர்வதற்கு ஏறத்தாழ 10,000 சுழற்சிகள் ஈடாகலாம் என்று கேல், டார்வெல் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் மதிப்பிட்டனர். அந்தக் கணக்கின்படி 500 சுழற்சிகள் மூன்று வாரத்துக்குக்கூடப் போதாது.

ஜிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகையால் ஆன கேப்புகளில் இது இன்னும் முக்கியம். ஜிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி இல்லாததால், கண்ணாடி கலந்த பீங்கானை அரிக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வழக்கமான முறையில் அதில் பயன் தருவதில்லை. அலுமினாத் துகளை வீசிச் சொரசொரப்பாக்கி, எம்.டி.பி. என்ற ஒட்டு வேதிப்பொருள் கலந்த பிரைமரோ (முன்பூச்சோ) சிமென்டோ இடுகிறார்கள். துகள் வீசாமல் ஒட்டிய ஜிர்கோனியா முதல் நாள் நல்ல எண்ணைக் காட்டினாலும், நீண்ட நாள் நீரில் ஊறிய பின் அந்தப் பிணைப்பு பெரிதும் தளர்ந்துபோவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் நாள் எண்ணை மட்டும் படிக்கும் வாசகருக்கு இது தெரிய வழியே இல்லை.

இதில் நோயாளியின் பணமும் அடங்கியிருக்கிறது. பல்லோடு வேதிப் பிணைப்பே கொள்ளாத ஜிங்க் பாஸ்பேட் சிமென்ட் நூறாண்டுக்கும் மேலாகக் கேப்புகளைத் தாங்கி வந்திருக்கிறது. செதுக்கிய பல்லுக்குப் போதிய உயரமும் சரியான சாய்வும் இருந்தால் அந்த வடிவமே கேப்பைப் பிடித்துக்கொள்ளும். பல் குட்டையாக இருக்கும்போதும், பல்லின் முன்புறத்தில் வெனீர் எனும் மெல்லிய தகட்டை ஒட்டும்போதும் ரெசின் சிமென்டின் பிணைப்பையே நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே 40 என்ற எண்ணைப் பார்த்து எல்லோரும் விலை கூடிய சிமென்டைக் கேட்டு வாங்கத் தேவையில்லை.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது சோதனையின் பெயர், மாதிரிகள் நீரில் இருந்த காலம், வெப்பச் சுழற்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு வரியிலாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்கட்டுரையில் ஒப்பிடப்பட்ட இரு எண்களும் எந்தெந்தச் சோதனையில் கிடைத்தவை என்பதைக் கட்டுரையாளரிடம் கேட்டு, ஒரு விளக்கக் குறிப்பாக வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
மதுரை.