ஆண்டறிக்கை 2024–25: முதல் ஞாயிறு கேமரா மேஜையும் அதன் விதிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது புகைப்படச் சங்கத்தின் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமானவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கும், மார்கழியில் மயிலாப்பூர் மாடவீதிகளுக்கும் விடியற்காலையில் படமெடுக்கப் போய்வந்தோம். உலகப் புகைப்பட தினத்தையொட்டி ஆகஸ்டில் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தையும் உழைப்பையும் அதிகம் வாங்கியது, மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், பழைய கேமராக்களை விற்கவும் வாங்கவும் நாம் போடும் கேமரா மேஜைதான். சண்டை வந்ததும் அதனால்தான், புது உறுப்பினர்கள் வந்ததும் அதனால்தான். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

மேஜை தொடங்கிய காலத்தில், லென்ஸ் மாற்றும் பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் லென்ஸ்களும் முக்காலிகளும்தான் கைமாறின. சட்டைப்பையில் போடுகிற சின்னக் கேமராக்களை யாரும் சீந்தவில்லை. லென்ஸ் வாங்கியவருக்கு கேனனின் சின்னக் கேமராவான ஒரு பவர்ஷாட்டைச் சும்மா கொடுத்து அனுப்பியதுகூட உண்டு. இன்று மேஜையில் முதலில் காலியாவது அந்தச் சின்னக் கேமராக்கள்தான். காரணம் தெரிந்ததே. 2010இல் ஜப்பானிய நிறுவனங்கள் உலகச் சந்தைக்கு அனுப்பிய கையடக்க டிஜிட்டல் கேமராக்கள் பத்துக் கோடிக்கும் மேல். 2023இல் அந்த எண்ணிக்கை இருபது லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இடையில் செல்போன் வந்து அந்தத் தொழிலையே சுருட்டிவிட்டது. கோடக் 2012இல் டிஜிட்டல் கேமராத் தயாரிப்பை நிறுத்தியது, கேசியோ 2018இல் கையடக்கக் கேமராக்களை விட்டது, ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவையே 2021இல் கைமாற்றிக் கொடுத்தது. புதிதாக வரும் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 VI போன்றவை லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டன. ஆகவே கல்லூரிப் பிள்ளைகள், 2005க்கும் 2010க்கும் இடையில் வீட்டுக்கு வீடு வாங்கி, பிறகு பீரோவுக்குள் போய்விட்ட ஐக்சஸ், சைபர்ஷாட், கூல்பிக்ஸ் போன்ற சின்னக் கேமரா வகைகளைத் தேடி வருகிறார்கள்.

அவர்கள் வரட்டும், நல்லதுதான். ஆனால் ‘சிசிடி சென்சார்’ (ஒளியைப் படமாக்கும் சில்லின் பழைய வகை) என்ற சொல்லுக்காக மட்டும் இரண்டு மடங்கு விலை கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு மாதமும் சொல்லிவருகிறேன், இங்கும் சொல்கிறேன். அந்தக் காலப் படங்களின் நிறத்துக்குச் சென்சார் வகை மட்டும் காரணமில்லை. கேமரா தனக்குள் படத்தைப் பதப்படுத்தும் விதம், நேருக்கு நேர் அடிக்கும் ஃபிளாஷ் வெளிச்சம், சின்ன லென்ஸின் குணம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அடுத்து வந்த வகையான சிமாஸ் சென்சார் உள்ள 2012ஆம் ஆண்டின் சோனி ஆர்எக்ஸ்100 இன்றும் அருமையான கேமரா. பெரிதான ஒரு அங்குல வகைச் சென்சார், நிறைய ஒளி வாங்கும் எஃப்/1.8 லென்ஸ், இரண்டும் சட்டைப்பைக்குள். அதை ஒதுக்கிவிட்டு, கீறல் விழுந்த பழைய கேமராவைச் சிசிடிக்காக எடுத்துப்போனவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

இனி, நாம் கொண்டுவந்த குறைச்சீட்டு. மேஜைக்கு வரும் ஒவ்வொரு கேமராவுக்கும் விற்பவர் தன் கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். கேமராவின் வரிசை எண், எங்கே எப்போது வாங்கியது, பில் இருக்கிறதா, என்னென்ன குறை என்பவை அதில் இருக்கும். குறை எதுவும் இல்லை என்றால் ‘குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆரம்பத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. நண்பர்களுக்குள் எதற்குப் பத்திரம் என்று கேட்டார்கள். நண்பர்களுக்குள் என்பதால்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. முகம் பார்த்து வாங்குகிறவர் கேள்வி கேட்கக் கூச்சப்படுவார், விற்கிறவரும் கேட்காததைச் சொல்லமாட்டார். சீட்டு வந்தபின் அந்தக் கூச்சம் போய்விட்டது. சொல்லப்போனால், ‘ஃபிளாஷ் சில சமயம் அடிக்காது, மூடி தளர்வு’ என்று எழுதியிருந்த கேமராக்கள்தான் பேரமில்லாமல் போயின.

சீட்டு எழுதியபின் பரிசோதனை. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வெகுகாலம் கேமரா பழுதுபார்த்த நமது மூத்த உறுப்பினர் சார் மேஜையின் ஜன்னலோர முனையில் உட்கார்ந்திருப்பார். அவர் கேமராவை ஆன் செய்ததும் திரையைப் பார்ப்பதில்லை, காதருகே கொண்டுபோவார். லென்ஸ் குழல் வெளியே வரும்போது நறநறவென்று கேட்டால் உள்ளே மணல் இருக்கிறது, அதாவது கடற்கரைக்குப் போய்வந்த கேமரா. பிறகு ஜூமை முழுக்க நீட்டி, சின்ன டார்ச்சை லென்ஸின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார். பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல்போலத் தெரியும். தூசு இருந்தால் புள்ளியாகத் தெரியும், அது பெரிய விஷயமில்லை. அடுத்து, பேட்டரி மூடியின் கொக்கியை நகத்தால் தட்டிப்பார்ப்பார். கேனன் ஏ வரிசையில் முதலில் உடைவது அந்தக் கொக்கிதான். கடைசியாக ஸ்குரு தலைகள். வெள்ளி மின்னினால் யாரோ திறந்திருக்கிறார்கள், அது சீட்டில் இல்லையென்றால் கேமரா மேஜைக்கு வராது. அவருக்கு இந்தச் சங்கம் பட்டிருக்கும் கடன் பெரிது.

சில வகைகளுக்கென்றே தெரிந்த நோய்கள் உண்டு. வாங்குவோர் நினைவில் வைத்துக்கொள்ள இங்கே பதிவு செய்கிறேன். 2002 முதல் 2004 வரை சோனி தயாரித்துப் பல நிறுவனங்களுக்கும் கொடுத்த சிசிடி சென்சார்கள் சிலவற்றில் உள்ளே இணைப்புக் கம்பி விட்டுப்போகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம் போகும். படம் ஊதா நிறமாக இழுபடும் அல்லது ஒரேயடியாகக் கறுத்துவிடும். 2005இல் இது வெளியே தெரிந்ததும் நிறுவனங்கள் இலவசமாக மாற்றிக்கொடுத்தன, அந்தச் சலுகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கேனன் ஏ70, ஏ75 இந்தப் பட்டியலில் அடங்கும். நம் ஊர் வெக்கைக்கு இவற்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, சூடானபின் படமெடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கேனன் எஸ்100இல் லென்ஸ் பிழைச் செய்தி வருவது நிறுவனமே ஒப்புக்கொண்ட குறை. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100இன் முதல் மாடலில் அபெர்ச்சர் இதழ்கள், அதாவது ஒளி நுழையும் துளையைச் சிறிதாக்கும் தகடுகள், ஒட்டிக்கொள்ளும். துளையை மிகச் சிறிதாக்கி எஃப்/16 வைத்து வெயிலில் எடுத்த படம் வெளிறி வந்தால் சந்தேகமே வேண்டாம். ரிக்கோ ஜிஆர், ஜிஆர் II இரண்டிலும் சென்சார் தூசியை உதறும் வசதி கிடையாது. அபெர்ச்சரைக் குறைத்து வானத்தை எடுத்தால் கறும்புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். சுத்தம் செய்ய லென்ஸையே கழற்ற வேண்டும் என்பதால், அந்தச் செலவையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மெமரி கார்டு. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிம் கேமராக்களின் எக்ஸ்டி கார்டு இப்போது கடையில் கிடையாது, அதிகபட்சக் கொள்ளளவே 2 ஜிபிதான். 2006க்கு முந்தைய கேமராக்கள் பலவற்றில் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஹெச்சி கார்டு போட்டால் வேலை செய்யாது. கேமரா மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப்போய், கார்டு தேடி அலைந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். கார்டையும் சார்ஜரையும் சேர்த்துக் கொடுப்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. ‘ஆன் ஆகவில்லை’ என்று கொண்டுவரப்படும் கேமராக்களில் பலவற்றுக்கு நோயே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கசிந்த ஏஏ பேட்டரியால் முனைகளில் படிந்த தூளைப் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போட்டால் உயிர் வந்துவிடும். ஆனால் யாரும் வீட்டில் ஸ்குருவைக் கழற்ற வேண்டாம். ஃபிளாஷின் மின்தேக்கி 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கேமராவை அணைத்து, பேட்டரியை எடுத்தபின்னும் அது உடனே போய்விடாது.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததால் டிசம்பர் முதல் ஞாயிறு மேஜையை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். அந்த மழைக்குப் பின் வந்த மாதங்களில் லென்ஸ் பூஞ்சை அதிகமாகத் தென்பட்டது. அரிசி டப்பாவுக்குள் கேமராவைப் புதைத்துவைப்பதை விட்டுவிடுங்கள், மாவுத்தூசு லென்ஸ் குழலுக்குள் போகும். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். முள் நாற்பது சதவீதத்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

செப்டம்பரில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய பேப்பர் கடையிலிருந்து எடுத்த ஒரு கேமராவை உறுப்பினர் ஒருவர் மேஜையில் விற்றார். கார்டு இல்லை, அதனால் எல்லோரும் காலி என்றே நினைத்தோம். வாங்கிப்போன தம்பி வீட்டில் ஆன் செய்து பார்த்தால், கேமராவின் உள் நினைவகத்தில் ஒரு குடும்பத்தின் கிரகப்பிரவேசப் படங்கள். அந்தக் காலக் கேமராக்கள் பலவற்றில் சில எம்பி அளவுக்கு உள் நினைவகம் உண்டு, கார்டைக் கழற்றினாலும் அது அப்படியே இருக்கும். ஒரு படத்தில் வீட்டின் எதிரே இருந்த கடையின் பலகை தெரிந்ததால், பக்கத்துத் தெரு என்று கண்டுபிடித்து அந்தத் தம்பி நல்லெண்ணத்தோடு போய்ச் சொன்னார். வீட்டார் மகிழவில்லை. ‘எங்க வீட்டுப் பொண்ணுங்க படம் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?’ என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. தலைவரும் நானும் நேரில் போய் விளக்கினோம். படங்களை அவர்களுக்கு ஒரு பென்டிரைவில் கொடுத்துவிட்டு, அவர்கள் கண்ணெதிரே கேமராவை ஃபார்மட் செய்தோம். போகும்போது காபி கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அன்றிலிருந்து மேஜைக்கு வரும் எந்தக் கேமராவும் உள் நினைவகம் துடைக்கப்பட்ட பிறகே விற்பனைக்கு வைக்கப்படுகிறது. வெறுமனே அழித்த கார்டிலிருந்து படங்களைத் திரும்ப எடுக்க இலவச மென்பொருளே இருப்பதால், பழைய கார்டைக் கேமராவோடு கொடுக்கும் முன் முழுமையாக மேலெழுதித் துடைக்க வேண்டும்.

திருட்டுப் பொருள் பற்றியும் கவனம் தேவை. தொலைந்த செல்போனை ஐஎம்இஐ எண்ணை வைத்து முடக்க அரசின் சிஇஐஆர் ஏற்பாடு இருக்கிறது. கேமராவுக்கு அப்படி எதுவும் கிடையாது. வரிசை எண்ணும் பில்லும் மட்டுமே ஆதாரம். பில் இல்லாத கேமராவை வெளியாள் கொண்டுவந்தால் மேஜையில் அனுமதிப்பதில்லை, உறுப்பினர் என்றால் எழுத்துப்பூர்வப் பொறுப்பு ஏற்க வேண்டும். இதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டார்கள். செயற்குழு மறுத்துவிட்டது, அது சரியான முடிவு.

இனி, கசப்பான விஷயம். ஜனவரி மேஜையில் நமது வயதான உறுப்பினர் ஒருவர் தன் கேமராவை இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தார். அடுத்த வாரமே அது வெளியில் ஏழாயிரத்துக்குப் போனது தெரியவந்தது. வாங்கிய உறுப்பினர், ‘விலையை அவர்தானே சொன்னார், நான் பேரம்கூடப் பேசவில்லையே’ என்கிறார். அது உண்மைதான், விதியை அவர் மீறவில்லை. ஆனால் கொடுத்தவர் அதைச் சங்கத்து இளைஞர் ஒருவர் படம் எடுக்கட்டும் என்று நினைத்துத்தான் அந்த விலைக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன், ‘பார்க்கலாம் தம்பி’ என்று மட்டும் சொன்னார். லாபம் பார்ப்பது தவறென்று நான் சொல்லவில்லை. அதற்கு ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் இருக்கின்றன. நம் மேஜையில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம், விற்பவர் வாங்குபவரை நம்புவது. அந்த நம்பிக்கை போனால், நல்ல கேமராக்கள் மேஜைக்கு வராமல் நேரே வெளிச்சந்தைக்குப் போய்விடும், கல்லூரிப் பிள்ளைகளுக்கு வெளிவிலைதான் மிஞ்சும்.

எனவே செயற்குழு சார்பில் மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். மேஜையில் வாங்கிய கேமராவை ஆறு மாதத்துக்குள் விற்க விரும்பினால், முதலில் அதே விலைக்கு மேஜைக்கே கொண்டுவர வேண்டும். இது தலையாயது, கைதூக்கி வாக்களிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து, வாங்கியவர் ஏழு நாள் ஓட்டிப் பார்த்து, சீட்டில் எழுதாத குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது. இது இப்போதே நடைமுறையில் இருக்கிறது, எழுத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது, விற்பனைத் தொகையில் ஐந்து சதவீதத்தை மாணவர் கேமரா நிதிக்கு எடுத்துக்கொள்வது. ஆகஸ்ட் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பலரிடம் கேமரா இல்லை, ஒரே கேமராவை வரிசையில் நின்று மாற்றி மாற்றி எடுத்தார்கள். இந்த நிதியில் ஏஏ பேட்டரியில் ஓடும் எளிய கேமராக்களை வாங்கி, பள்ளிக்கு இரவல் கொடுக்கலாம் என்பது திட்டம்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நம் கேமராக்களுக்குக் காது கொடுத்த சாருக்கும், மேஜையும் நாற்காலியும் தூக்கிப்போட்ட இளைஞர்களுக்கும், இடம் கொடுத்து வாடகை வாங்க மறுத்த மண்டப உரிமையாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. சார் இந்த ஆண்டிலிருந்து உறுப்பினர்கள் இருவருக்குப் பரிசோதனை முறையைச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். டார்ச்சை அவரவரே கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்