முக்கோண மீன் இன்னும் இருக்கிறது

குணா,

பொங்கலுக்கு நீ போட்ட குரல்செய்திக்கு இன்றைக்குத்தான் பதில், திட்டாதே. அம்மா நலம். செந்தூலிலேயே வேறு வீடு பார்த்து மாறிவிட்டோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு ஒரு கல்யாணத்துக்காகப் பெஸ்தாரி ஜெயா போனேன், நமக்கு என்றைக்கும் அது பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். திரும்பும்போது ராஜா மூசா காட்டோரம் காரை நிறுத்தி வாய்க்காலை எட்டிப் பார்த்தால், நம்ம முக்கோண மீன்! ஏழெட்டு. ஐந்து சென்டிமீட்டர்கூட இருக்காது, செம்பு நிற உடம்பு, வால் பக்கம் அந்தக் கருப்பு முக்கோணம். தண்ணீர் அதே தே ஓ நிறம், பால் விடாத தேநீர் மாதிரி. சாக்கடைத் தண்ணீர் என்று உன் அப்பா துரத்துவாரே, அது இலையும் வேரும் காலங்காலமாக ஊறி இறங்கிய சாயம்டா. அந்த அமிலம் ஏறிய, தாது உப்பு குறைந்த தண்ணீர்தான் இந்த மீனுக்கு வீடு. நீ மைலோ டின்னில் குழாய்த் தண்ணீர் ஊற்றினாய், மறுநாளே எல்லாம் மிதந்தது, பழியை மட்டும் சேகர் மேல் போட்டாய்.

இதே மீனைக் கடையில் வாங்கி ஆறு மாதமாக வீட்டில் வளர்க்கிறேன். ஒரு நாள் விடியற்காலையில் பெண் மீன் அப்படியே மல்லாந்து, அகன்ற இலையின் அடியில் வயிற்றை உரசியது. ஆண் வந்து அதை வளைத்துக்கொண்டது. பிறகு குனிந்து பார்த்தால் இலையடியில் கண்ணாடி மணி மாதிரி முட்டைகள்.

அதனால்தான் அந்த வாய்க்காலின் மறுகரையைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டப் பக்கம் முழுக்க மண்வாரி இயந்திரம் வழித்துப் போட்டிருக்கிறது, ஒரு இலை இல்லை. இலை இல்லாமல் எங்கே முட்டையிடும்? வாய்க்காலை ஆழப்படுத்தினால் காட்டுத் தண்ணீரும் வடிந்துவிடும், அப்புறம் காட்டுத் தரையில் இருக்கும் அந்த மட்கிய மண் காய்ந்து நெருப்புப் பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே நாள்கணக்கில் புகையும்.

முக்கோண மீனாவது சுமத்ரா வரைக்கும் இருக்கிறது. அதே காட்டில் பெட்டா லிவிடா என்று ஒரு சின்னச் சண்டை மீன், 1992இல்தான் பெயரே வைத்தார்கள், வட சிலாங்கூரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இந்தக் காடு வற்றினால் அது எங்கே போகும், சொல்லு. இதை நினைத்து மூன்று நாளாகத் தூக்கமில்லை.

பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறு, பையனையும் கூட்டிவா. இந்தக் கரையையும் வழிப்பதற்குள் அவன் பார்க்கட்டும். டின் கொண்டு வராதே.

முரளி