கை அடிபட்ட தொழிலாளிக்கு அதே கம்பெனியில் மாற்று வேலை கேட்டு மனு

அனுப்புநர்:
மனுதாரர், பவர் பிரஸ் ஆபரேட்டர்,
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

நாள்: 16.06.2025, மக்கள் குறைதீர்க்கும் நாள்

பொருள்: பணியிடத்தில் விரல்களை இழந்த எனக்கு, அதே நிறுவனத்தில் இலகுவான வேலை பெற்றுத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

குடிகாடு சிப்காட் பக்கம் ஒரு தனியார் தொழிற்சாலையில் 11 வருடமாக, தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டினேன். 2024 ஆகஸ்டில் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தலா இரண்டு கணு போய்விட்டன. அந்த மெஷினை ஓட்ட இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்த வேண்டும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். அது தனி விவகாரம், இந்த மனுவில் இழுக்கவில்லை.

பிப்ரவரி வரை இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) லீவு. கூலியில் 90 விழுக்காடு தவறாமல் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தார்: வேலைக்குப் போகலாம், ஆனால் இலகுவான வேலை, பிரஸ் கூடாது. அதை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனேன். பர்சனல் அதிகாரி படித்துவிட்டு, "லைட் வொர்க்குன்னு இங்க ஒண்ணும் இல்லப்பா, நல்லா ஆயிட்டு வா" என்றார். விரல் வளருமா சார் என்று கேட்டேன். பதில் இல்லை. அன்றிலிருந்து "சொல்லி அனுப்புறோம்" என்பதுதான் பேச்சு. நீக்கியதாகவும் எழுதித் தரவில்லை, வைத்துக்கொண்டதாகவும் இல்லை.

லைட் வொர்க் இல்லை என்பது சரியல்ல ஐயா. 11 வருடம் அந்த ஷெட்டுக்குள் இருந்தவன் நான். அடித்து வந்த பீஸில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க ஆள் வேண்டும். டூல் ரூமில் டோக்கன் வாங்கிக்கொண்டு டை (மெஷினில் பொருத்தும் அச்சு) எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். எந்த டை எந்த மெஷினுக்கு, எது தேய்ந்து போனது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த வேலைகளுக்குப் புதுப் பையன்களை கான்ட்ராக்டில் எடுத்து மூன்று மாதம் பழக்குகிறார்கள்.

எனக்குப் புரியாதது சட்டம்தான். இ.எஸ்.ஐ. சட்டம் 73ஆவது பிரிவின்படி, உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது. ஆக, படுத்திருந்தவரை எனக்குப் பாதுகாப்பு இருந்தது. எழுந்து நடந்து போன அன்றைக்கு அது முடிந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 20ஆவது பிரிவில், பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். இதே விரல் ஓர் அரசு பணிமனையில் போயிருந்தால் நான் இன்று இந்த வரிசையில் நிற்க மாட்டேன்.

மெடிக்கல் போர்டு என் இழப்பை 20 விழுக்காடு என்று நிர்ணயித்தது. அதற்கு இ.எஸ்.ஐ. உதவித்தொகையாக நாளுக்கு 108 ரூபாய் வருகிறது. முன்பு வாங்கிய நாள் கூலி 600. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு வேண்டும், எனக்கு அவ்வளவு வராது என்று சொல்லிவிட்டார்கள். ஊனம் என்று சொல்லவும் பத்தவில்லை, வேலைக்கு ஆகும் என்று சொல்லவும் யாரும் தயாரில்லை. நான் வேலைக்குப் போனாலும் அந்த 108 ரூபாய் நிற்காது, அதை இ.எஸ்.ஐ.தான் தருகிறது. எனக்கு வேலை கொடுப்பதால் கம்பெனிக்கு அந்த வகையில் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு இல்லை.

இந்த மனுவை எழுதுவது பத்தாவது படிக்கும் என் மகள். கையெழுத்து மட்டும் நான். பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் கவ்விப் போடுகிறேன். பழைய கையெழுத்தோடு ஒத்துப் போகவில்லை என்று பேங்கில் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. டூல் ரூம் ரெஜிஸ்டரும் அப்படித்தான், ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

ஆகவே ஐயா, நிர்வாகத்தையும் தொழிலாளர் துறை அதிகாரியையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் ஒரே நாளில் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசித் தாருங்கள். ஒவ்வொரு ஆபீஸாக நான் போனால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். டூல் ரூமிலோ பீஸ் பார்க்கும் இடத்திலோ ஒரு வேலை போதும். முதல் நான்கு வாரம் அரை நாள், அதற்கு அரைச் சம்பளம் கொடுத்தாலும் சம்மதம். பிறகு முழு ஷிப்ட், பழைய சம்பளம். முடியாது என்றால் ஏன் முடியாது என்று நிர்வாகம் எழுத்தில் தரட்டும்.

இன்னொன்று. அதே 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21ஆவது பிரிவில், ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும் என்கிறது. 20 பேரும் அதற்கு மேலும் உள்ள தனியார் நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வேலைகள் எவை என்று அதில் பட்டியலே போட வேண்டும். எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் 11 வருடத்தில் அப்படி ஒரு தாளை நான் பார்த்ததில்லை. அதைக் கேட்டு வாங்கினால், லைட் வொர்க் உண்டா இல்லையா என்பது அவர்கள் கைப்படவே தெரிந்துவிடும். டிஸ்க் விலகி வீட்டில் இருக்கும் எங்கள் ஷிப்ட் லோடிங் அண்ணனுக்கும் அது உதவும்.

டாக்டர் சர்ட்டிபிகேட், போர்டு உத்தரவு, சம்பளச் சீட்டு மூன்றின் நகலும் இணைத்துள்ளேன். கூப்பிடும் நாளில் காலை 10 மணிக்கே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்