ஒரே குற்றம், மூன்று முடிவு

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கண்புரை ஆபரேஷனை மட்டும் இனியும் தள்ளிப்போடாதே.

"குழந்தையைச் சீரழித்துக் கொன்றவனுக்கு என்னப்பா அரசியல் சட்ட உரிமை?" என்று, தூக்குத் தண்டனையே கூடாது என்ற என் பேச்சுக்குப் பதிலாக எழுதியிருந்தாய். அந்தக் கோபத்தில் எந்தத் தப்பும் இல்லை. பெண்ணைப் பெற்ற எனக்கும் அது வருகிறது.

சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் உன் கைதான் ஓங்குகிறது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி உயிரைப் பறிக்க, உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவே இடம் தருகிறது. குடியரசுத் தலைவரின் மன்னிப்பு அதிகாரத்தைச் சொல்லும் 72-ஆவது பிரிவு மரண தண்டனையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தூக்குத் தண்டனை செல்லும் என்றார்கள். 'அரிதினும் அரிதான' வழக்குக்கு மட்டும் என்று ஒரு கடிவாளமும் போட்டார்கள். நீதிபதி பகவதி ஒருவர்தான் மாறுபட்டார். எந்த அமர்வு முன்பு வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து ஒருவன் சாவதும் பிழைப்பதும் அமைந்தால், சமத்துவம் பேசும் 14-ஆவது பிரிவுக்கு என்ன மதிப்பு? அவர் வாதத்தின் உயிர்நாடி அதுதான். எனக்கும் 21-ஐ விட 14-தான் பெரிதாகப் படுகிறது.

ஹர்பன்ஸ் சிங் வழக்கைப் பார். உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றதாக ஜீத்தா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் தூக்கு. குற்றத்தில் மூவருக்கும் சமபங்கு. உச்ச நீதிமன்றத்துக்குத் தனித்தனியாகப் போனார்கள். ஜீத்தாவின் மனு 1976-இல் தள்ளுபடி. மறுவருஷம் வேறோர் அமர்வு காஷ்மீராவின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 1978-இல் ஹர்பன்ஸ் மனுவும் தள்ளுபடி. மிச்சமிருந்த இருவருக்கும் 1981 அக்டோபர் 6 என்று நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் ரிட் மனு போட்டுத் தடை வாங்கிவிட்டார். ஜீத்தா போடவில்லை, அன்றைக்கே தூக்கில் போட்டுவிட்டார்கள். 1982-இல் நீதிமன்றமே ஹர்பன்ஸின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. ஒரு மனு போட்டதும் போடாததும் உயிருக்கு விலையாகிவிட்டது, கதிரேசா. இதைச் 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடாதே. ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜியை 1996-இல் தூக்கிலிட்டார்கள். குற்றவாளியின் நிலையைக் கணக்கில் எடுக்காமல் குற்றத்தை மட்டும் பார்த்துச் சொன்ன அவருடைய தீர்ப்பு, பச்சன் சிங் தீர்ப்புக்கு முரணானது என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. யாரிடம் போய்ச் சொல்வது?

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளன் விஷயம் உனக்கே தெரியும். குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை வாக்குமூலத்தில் தான் எழுதவில்லை என்று, அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-இல் சொன்னார். 2011 செப்டம்பர் 9-க்குக் குறித்திருந்த தூக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தியிராவிட்டால், அதைக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார்.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்தவர்களின் குடும்பங்களை மறந்துவிட்டாயா என்று கேட்பாய். மறக்கவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லாமல் இந்தப் பக்கம் நின்று பேச எனக்கு உரிமை கிடையாது. தண்டனைக் குறைப்பே இல்லாமல் இத்தனை வருஷம், தேவைப்பட்டால் சாகும்வரை சிறை என்று விதிக்க 2008-இல் சிரத்தானந்தா வழக்கிலேயே வழி பிறந்துவிட்டது. உள்ளே இருப்பவன் நிரபராதி என்று பின்னால் தெரிந்தால் கதவையாவது திறந்துவிடலாம்.

பகவதியின் தீர்ப்பை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். தீபத்துக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் ஆபரேஷனை முடித்துக்கொள். பொடி எழுத்து, நீயே படிக்க வேண்டும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமலிங்கம்