சாயம் பூசி விக்கிற சில்லைகள்

ஆசிரியருக்கு வணக்கம். எங்க ஊர் சந்தையில பச்சை, மஞ்சள், ரோஸ்னு கலர் அடிச்ச குட்டிக் குருவிங்கள கூண்டுல அடைச்சு விக்கிறாங்க, பசங்க கேட்டா அப்பா அம்மாவும் வாங்கி குடுத்துடுறாங்க, ஆனா அது லவ் பேர்ட்ஸ் கிடையாது, நம்ம வயலுலயும் புல்லுக்காட்டுலயும் கூட்டமா வந்து புல் விதை கொத்துற சில்லைதான். புள்ளிச் சில்லைய பாத்திருக்கீங்களா, பழுப்பு முதுகு, வெள்ளை வயித்துல மீன் செதில் மாதிரி கோடு, எவ்ளோ அழகு, அதுக்கு எதுக்குங்க சாயம்? முள்மரத்துல புல்லாலயே உருண்டையா கூடு கட்டி சைடுல வாசல் வைக்கும். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி இத பிடிக்கிறதும் விக்கிறதும் குத்தம். தயவுசெஞ்சு யாரும் வாங்காதீங்க, விக்கிறத பாத்தா வனத்துறைக்கு சொல்லுங்க. அதிகாரிங்களும் சந்தை நாள்ல ஒரு ரவுண்டு வரணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்